‘லினக்ஸ்தானே சார், போட்டுத் தர்றோம்!’

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியதிலிருந்து, அதற்கு மாற்றான லினக்ஸ் பற்றிய கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலும் ‘எது ஈசி?’ ரகம்தான். இந்த முறை வந்தவை கொஞ்சம் பிடிவாதமானவை. கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் வேண்டும், மற்றது வேண்டவே வேண்டாம் என்பவர்கள் எழுதியவை. மற்ற கடிதங்களை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். யாரும் திறந்து பார்க்கவும், மாற்றவும், நகலெடுத்துக் கொடுக்கவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருளை மட்டுமே வைத்து ஒரு லேப்டாப் ஓட்ட ஆசை. பட்ஜெட் 25,000 ரூபாய். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான்கு கடைகளில் கேட்டேன். ‘லினக்ஸ்தானே சார், போட்டுத் தர்றோம்’ என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— போரூர் வாசகர்

பதில்: போட்டுத் தருவார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு லினக்ஸ் என்றால் விண்டோஸ் இல்லாத ஒன்று, அவ்வளவுதான். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, வைஃபை வருகிறதா என்று பார்த்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த வைஃபை வருவதற்கே ஒரு மூடிய ஃபர்ம்வேர் உள்ளே போயிருக்கும். ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஏற்றப்படும் குட்டி நிரல். அதை எழுதிய கம்பெனியைத் தவிர யாரும் அதைப் படிக்க முடியாது. இன்டெல், பிராட்காம், ரியல்டெக் என்று இன்றைய லேப்டாப்களில் வரும் வைஃபை சிப்கள் அநேகமாக எல்லாமே இந்த வகைதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன், எதுவரை ஒத்துக்கொள்வீர்கள் என்ற எல்லைக்கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கறாராக இருக்க விரும்பினால் டிரிஸ்குவல் என்ற லினக்ஸ் வகை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ளது. மூடிய ஃபர்ம்வேர் ஒன்றுகூட அதில் இருக்காது. இன்னொரு வகையான டெபியன் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் உறுப்பினர்கள் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் மூடிய ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். தேவைப்படும் சிப்பைக் கண்டால் அது தானாகவே ஏறிவிடும். வேண்டாம் என்று நிறுவும்போதே சொல்லவும் வழி இருக்கிறது. நான் வீட்டில் டெபியன்தான் வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

வைஃபைக்கு என்ன செய்வது? லேப்டாப்பில் உள்ளதை விட்டுவிட்டு, வெளியே செருகும் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ‘ஏஆர்9271’ என்ற ஏத்திராஸ் சிப் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். இதன் ஃபர்ம்வேரின் மூல நிரலே, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவமே, வெளியிடப்பட்டிருக்கிறது. வேகம் சுமார்தான், 5 கிகாஹெர்ட்ஸ் வராது, ஆனால் வீடியோ பார்க்கப் போதும். இதில் ஒரு பொறி உண்டு. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடலில் முதல் பதிப்பில் இந்தச் சிப்தான் இருந்தது. அதே பெயரில் வந்த இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் இருப்பது ரியல்டெக். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரரும் நல்ல மனதோடு தப்பானதையே எடுத்துக் கொடுப்பார். ஒட்டியிருக்கும் சீட்டில் பதிப்பு எண்ணைப் படியுங்கள்.

லேப்டாப் புதிதாக வேண்டாம். ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் போன்றவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குவிந்து கிடக்கின்றன. இன்டெலில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்பது அநேகமாக எட்டாம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைத் தேடுவோர் குறைந்துவிட்டார்கள். லினக்ஸுக்கு அவை தாராளம். உங்கள் பட்ஜெட்டில் அடாப்டர், புது பேட்டரி எல்லாம் போகவும் மீதி நிற்கும். பேரம் பேசும்போது ‘இதுல லெவன் ஏறாதே’ என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.

கையில் டிரிஸ்குவல் ஏற்றிய பென் டிரைவ் கொண்டுபோங்கள். நிறுவாமலே அதிலிருந்து மெஷினைக் கிளப்பலாம். திரை, ஒலி, டச்பேடு, மூடித் திறந்தால் விழிக்கிறதா, அடாப்டரைச் செருகினால் நெட் வருகிறதா, எல்லாவற்றையும் கவுண்டரிலேயே பார்த்துவிடலாம். ‘அதெல்லாம் வீட்ல போய்ப் பாருங்க சார்’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

பில்லில் சீரியல் எண்ணும் வாரண்டி எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பின்னால் தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்தத் தாள்தான் துணை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது.

இயற்பியல் ஆசிரியர் என்பதால் அடுத்து, ஸ்விட்ச் போட்டதும் மெஷினை எழுப்பும் நிரலான பயாஸைப் பற்றிக் கேட்பீர்கள். ஆமாம், அதுவும் மூடியதுதான். 2008-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200 போன்ற சில மெஷின்களில் லிப்ரிபூட் என்ற கட்டற்ற மாற்றை ஏற்றலாம். ஏற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: தெருமுனை கம்ப்யூட்டர் கடையில் லிப்ரே ஆபீஸ் போட 600 ரூபாய் வாங்கினார்கள். அது இலவச மென்பொருள் என்று மகன் சொல்கிறான். ஏமாற்றப்பட்டேனா?
— நங்கநல்லூர் வாசகி

பதில்: இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்கள் நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்; நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்க உரிமமே இடம் தருகிறது. போட்டுக் கொடுத்த உழைப்புக்கு 600 அதிகமா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். ‘ஒரிஜினல் எம்எஸ் ஆபீஸ்’ என்று பில்லில் எழுதி இதைப் போட்டிருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எந்த பிரிண்டர் வாங்கினால் லினக்ஸில் தொல்லை இல்லை?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: சுருக்கமாகக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இது ஆறாத புண். மலிவாக இருக்கிறதே என்று ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வாங்கினேன். பெட்டியில் லினக்ஸ் படம்கூடப் போட்டிருந்தது. வீட்டில் மாட்டினால், ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மூடிய ஃபைல் அதற்குள் போனால்தான் எழுந்திருக்கும் என்று தெரிந்தது. அந்த ஃபைலை ஏற்க மனம் வரவில்லை. ஒரு வருடம் அது மேல் துண்டு காயப்போட்டேன்; அப்புறம் மைத்துனர் எடுத்துப்போனார்.

வாங்குமுன் பெட்டியில் மூன்று சொற்களில் ஒன்றைத் தேடுங்கள்: போஸ்ட்ஸ்கிரிப்ட், ஏர்பிரிண்ட், ஐபிபி எவ்ரிவேர். முதலாவது, எந்தக் கம்ப்யூட்டரும் பேசும் பழைய பொது மொழி. மற்ற இரண்டும் தனி டிரைவரே இல்லாமல் அச்சிடும் முறைகள். ஐபோனிலிருந்து நேராக அச்சாகும் பிரிண்டர் என்றால் அநேகமாக லினக்ஸிலும் அச்சாகிவிடும். கடையில் ஐபோன் வைத்திருக்கும் பையனைப் பிடித்து ஒரு பக்கம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிண்டருக்கு அக்னிப் பரீட்சை, உங்களுக்கு இரண்டு நிமிஷம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது. 1980 வாக்கில், ஸ்டால்மன் வேலை பார்த்த அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி நிரலைத் திருத்த நினைத்த ஸ்டால்மனுக்கு மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தை அவர் மறக்கவே இல்லை. 1983-இல், முழுக்கக் கட்டற்ற ஓஎஸ் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் இருபது வருடமாக டிடிபி கடை. பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். திருட்டு மென்பொருளை விட்டு வெளியே வர நினைக்கிறேன். முடியுமா?
— டிடிபி கடைக்காரர்

பதில்: முடியும், ஆனால் பாதி நாள் வேலையாக நினைத்து இறங்காதீர்கள். உங்களுடைய பெரிய பிரச்சினை பேஜ்மேக்கர் இல்லை, பாமினிதான். பாமினியில் அடித்தது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே அல்ல. இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம். எழுத்துருவை எடுத்துவிட்டால் ‘அம்மா’ என்பது ‘mk;kh’ என்று நிற்கும். பழைய மேட்டரையெல்லாம், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். பாமினியிலிருந்து மாற்றித் தரும் கட்டற்ற கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்தே ஆக வேண்டும். மணமகன் பெயரில் ஒரு கொம்பு தவறினால் அச்சுக்கூலி உங்கள் தலையில்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். பல வருடங்களுக்கு முன் இதைப் பார்த்துவிட்டு வெறுத்தவர்கள் நிறைய. அப்போது ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. ஆஃப்செட்டுக்குத் தேவையான சிஎம்ஒய்கே (நான்கு வண்ண அச்சு) பிடிஎஃப்பும் எடுக்கலாம். பத்திரிகை அட்டை, லோகோ வேலைக்கு இங்க்ஸ்கேப். பழைய பேஜ்மேக்கர், கோரல்டிரா ஃபைல்களை லிப்ரே ஆபீஸின் டிரா ஓரளவு திறந்து காட்டும். பார்த்து எடுத்துக்கொள்ளலாம், அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது.

எழுத்துருவுக்கு நோட்டோ, லோஹித், முக்தா மலர், கட்டமரன் எல்லாம் கட்டற்ற உரிமம் கொண்டவை. கோயில் நோட்டீஸுக்கான அந்தக் கொழுத்த அலங்கார எழுத்து மட்டும் அந்த அளவுக்குக் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தட்டச்சுக்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. பாமினிக் கை மாற ஒரு மாதம் பிடிக்கும். ஒரு மெஷினில் மட்டும் ஆரம்பியுங்கள். முகூர்த்த மாதங்களான தையிலும் வைகாசியிலும் வேண்டாம்.

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போகிறாள். கூகுள் எதுவும் இல்லாத, முழுக்கக் கட்டற்ற போன் கேட்கிறாள். ஆனால் காய்கறிக்காரருக்குக்கூட யுபிஐதான். எது வாங்கித் தருவது?
— மயிலாப்பூர் வாசகி

பதில்: முழுக்கக் கட்டற்ற போன் எந்தக் கடையிலும் இல்லை, அம்மா. டவரோடு பேசும் மோடம் சிப்பின் நிரல் எல்லாப் போனிலும் மூடியது. அதைத் தவிர மற்றதையாவது கட்டற்றதாக்கப் பார்த்த ரெப்ளிகன்ட் திட்டம் பழைய சாம்சங் மாடல்களோடு நிற்கிறது. அவற்றில் பல 3ஜி போன்கள். ஜியோவில் 4ஜிக்குக் கீழே எதுவுமே கிடையாது.

அடுத்த படி, கூகுள் பிக்சலில் கிராஃபீன் ஓஎஸ் என்ற, கூகுள் ஆப்கள் இல்லாத ஆண்ட்ராய்டைப் போடுவது. கூகுளை விட்டு ஓடக் கூகுள் போனே வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! போனை எழுப்பும் நிரலான பூட்லோடரைத் திறந்து, வேறு ஓஎஸ் போட்டு, மறுபடி பூட்ட அதில் முறையாக வழி இருக்கிறது. பல கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. பர்மா பஜாரில் பழைய பிக்சல் வாங்கப் போனால் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவில் வெரைசான் விற்ற பிக்சல்களின் பூட்லோடர் நிரந்தரப் பூட்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற வரி, நெட் இணைத்த பிறகும் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யுபிஐதான் முட்டுக்கட்டை. ஓஎஸ் மாற்றிய போனா என்று பல வங்கி ஆப்கள் சோதித்து, ஆமென்றால் வேலை செய்ய மறுக்கும். இன்று ஓடும் ஆப் நாளை அப்டேட்டுக்குப் பின் நிற்கலாம். ஆப் இல்லாமலும் யுபிஐ உண்டு: *99# என்று டயல் செய்யும் முறை ஒன்று, 2022-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே இன்னொன்று. பட்டன் போனிலும் நடக்கும். ஆனால் காய்கறிக்காரர் எதிரே நிற்க, பின்னால் வரிசை நிற்க, *99# அழுத்திப் பார்த்திருக்கிறேன். கடைசியில் சில்லறை எடுத்துக் கொடுத்தேன். மெட்ரோவுக்கும் எம்டிசி பஸ்ஸுக்கும் சிங்காரச் சென்னை அட்டை போதும், ஆப் தேவையில்லை. மின்கட்டணத்தை பிரவுசரிலேயே கட்டலாம்.

மகளுக்கு நான் சொல்வது: இருக்கிற சாதாரண ஆண்ட்ராய்டு போனில் எஃப்-டிராய்டைப் போட்டுக்கொள்ளட்டும். கட்டற்ற ஆப்கள் மட்டும் வைத்திருக்கும் களஞ்சியம் அது. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், பாட்காஸ்டுக்கு ஆன்டெனாபாட், படத்துக்கு விஎல்சி, தமிழ் அடிக்க இண்டிக் கீபோர்டு. வங்கி ஆப் ஒன்று மட்டும் மூடியதாக இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சப்படும் காசில் நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், அவள் பிடிவாதம் அங்கேதான் முழுசாகச் செல்லும்.

கேள்வி: மூத்தவனுக்கு 2012-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் கிடக்கிறது. அதில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. இப்போது உதவுமா?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: உதவும். பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பழைய பதிப்பை வைத்து நெட்டுக்குப் போகாதீர்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி, ரேமை 4 ஜிபி ஆக்கி, டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப். முதலில் மெஷின் எழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போங்கள். டிடிஆர்3-இலேயே இரண்டு வோல்டேஜ் உண்டு. சீட்டைப் பார்த்தால் கடைக்காரரே சொல்லிவிடுவார்.