மகன் பேச்சு குறைஞ்சது பற்றி
அக்கா, குளச்சலில் அப்பா போன வள்ளம் கவிழ்ந்ததைக் கரையில நின்னு பார்த்த உங்க ஆறு வயசு மகன், அப்பா பிழைச்சு வந்தும் மூணு மாசமா ஒத்த வார்த்தையிலதான் பேசுறான், படிச்ச எழுத்தும் மறக்குதுன்னு எழுதியிருந்தீங்க. மாமியார் சொல்ற மாதிரி அடம்னு நினைச்சுராதீங்க. பயம் இறங்காத வரை மூளை காவலுக்கே நிக்கும். கேட்டதை மனசுல பிடிச்சுவைக்க, சொல்லைக் கோக்க அதுக்குத் தெம்பு மிஞ்சாது.

2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் எங்க தெருவுல ஒரு பய, "நேத்து என்ன செஞ்ச மக்களே?"ன்னு கேட்டா முழிப்பான். அவன் பாட்டி மீன் அறுக்கும்போது பக்கத்துல இருத்தி, "இது சாளை, செதிள் எப்படி உதிருது பாரு"ன்னு பேசிக்கிட்டே இருப்பா. பதிலே கேக்கமாட்டா. ஒருநாள் அவனே "இது நெத்திலி"ன்னான்.

டியூஷனை இப்ப நிறுத்துங்க, இது என் அபிப்பிராயம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில மனநலப் பிரிவுல காட்டுங்க, காதையும் ஒருதடவை சோதிச்சிருங்க. ராத்திரி மனசு தாங்கலன்னா 14416ங்கிற மனநல உதவி எண்ணுக்கு அடிங்க, தமிழ்லயே பேசலாம்.