முன்னால் 22, பின்னால் 36: ஸ்கூட்டர் டயருக்கு ஏன் இரண்டு கணக்கு?

கேள்வி: என்னிடம் ஆக்டிவா 6ஜி இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து மதுரையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர். காலையில் தனியாகப் போவேன். சாயங்காலம் பெரும்பாலும் அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். பங்கில் காற்று அடிக்கும்போது இரண்டு டயருக்கும் 35 வைத்துவிடுவார்கள். சின்னக் குழியில் இறங்கினாலும் முதுகில் அடி விழும். போன மழையில் பிரேக் பிடித்ததும் முன்சக்கரம் வழுக்கி, விழாமல் தப்பித்தேன். "காற்றைக் குறைச்சா ரோட்டை நல்லாப் பிடிக்கும்க்கா" என்று தம்பி இரண்டையும் 18-க்கு இறக்கிவிட்டான். இப்போது மெத்தென்று போகிறது. ஆனால் ஹேண்டில் கனக்கிறது. வளைவில் பின்பக்கம் அசைகிறது. எவ்வளவுதான் வைக்க வேண்டும்?

- திருமங்கலம் வாசகி

பதில்: நாளைக் காலை வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக முன் டயருக்கு 22, பின் டயருக்கு 36 வையுங்கள். காரணங்களை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். பின் டயரில் 18 பாயிண்ட் காற்றோடு அம்மாவை உட்காரவைத்து நான்குவழிச் சாலையில் வருவதை இன்னொரு நாள்கூடச் செய்ய வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொல்லும் அளவு இதுதான்: தனியாகப் போனால் முன்னால் 22, பின்னால் 29. இன்னொருவர் ஏறினால் பின்னால் மட்டும் 36. முன்னால் அதே 22. பங்கில் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்கிறார்களே, அந்த பாயிண்ட் என்பது பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. வண்டியோடு வந்த கையேட்டில் இதே அளவு 150, 200, 250 என்று கிலோபாஸ்கலிலும் இருக்கும். 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பிஎஸ்ஐ. வேறு மாடல் வைத்திருப்பவர்கள் அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால் 22 என்றதும் பங்கில் இருப்பவர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். "இவ்ளோ கம்மியாவா?" என்பார். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் நாள் முழுக்கக் காற்று அடிக்கிறவருக்கு அது குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஸ்கூட்டரின் உடல்வாகு வேறு. எஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் டேங்க், சீட்டுக்கடியில் நாம் திணிக்கும் சாமான், பின்னால் உட்காருபவர் என்று எல்லாப் பாரமும் பின்பக்கம். முன்சக்கரத்தின் மேல் விழும் எடை குறைவு. வண்டி நூற்றைந்து கிலோவுக்குச் சற்று மேல், நீங்கள் ஓர் அறுபது கிலோ என்று வைத்துக்கொண்டால், முன்சக்கரம் தாங்குவது 65 கிலோவை ஒட்டி இருக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. டயர் தரையைத் தொடும் இடத்தின் பரப்பு, அதன் மேலுள்ள எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். டயர் ரப்பரின் விறைப்பால் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். 22 பாயிண்டில் உங்கள் முன் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் ஏடிஎம் அட்டை அளவு. 35 வைத்தால் அந்த அட்டையில் பாதியைவிடச் சற்று அதிகம். மழையில் நீங்கள் பிரேக் பிடித்தபோது வண்டியை நிறுத்த வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் அந்த அரை அட்டையின் மேல்தான் விழுந்தது. உங்கள் வண்டியில் இடது பிரேக்கை அழுத்தினாலும் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதோடு முடியவில்லை. குழியில் இறங்கும்போது முதலில் அமுங்கிக் கொடுப்பது ஷாக் அப்சார்பர் இல்லை, டயர்தான். அது கல்லாக இறுகியிருந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் சக்கரம் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் தரையோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிறது; அந்த நொடியில் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும். உங்கள் முதுகில் விழுந்த அடியும் மழையில் வந்த வழுக்கலும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் தம்பி சொன்னது சரிதானே என்று தோன்றும். தம்பியின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மணலிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் காற்றைக் குறைப்பது வழக்கம். டயர் பரவி, புதையாமல் போகும். தார்ச் சாலையில் வேகமாகப் போகும் ஸ்கூட்டருக்கு அந்தக் கணக்கு செல்லாது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் தளர்ந்துவிடுகிறது. நீங்கள் ஹேண்டிலைத் திருப்பினால் ரிம் திரும்புகிறது, டயர் கொஞ்சம் பிந்தி வருகிறது. ஹேண்டில் கனப்பதும், வளைவில் பின்பக்கம் அசைவதும் இதனால்தான். மழையிலும் லாபம் கிடையாது. தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள், டயர் நசுங்கும்போது நெருங்கி மூடிக்கொள்கின்றன.

இதையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது சூடு. உங்கள் பின் டயர் 10 இஞ்சு ரிம்மில் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 700 தடவைக்கு மேல் சுற்றும். பள்ளியிலிருந்து வீடு வருவதற்குள் 14,000 தடவையைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடாகுமே, அதேபோல. 36 பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் 18 மட்டும் இருந்து, மேலே இரண்டு பேர் எடையும் சேர்ந்தால் அந்த மடிப்பு மிக ஆழமாகிறது. உள்ளே இருக்கும் நூலிழைகள் சூட்டில் ரப்பரைவிட்டுப் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இது தவிர, நசுங்கிய டயரோடு குழியில் இறங்கினால் ரிம் நேரடியாக அடிவாங்கி நெளியும். டியூப்லெஸ் டயரில் ரிம்மின் ஓரம் நெளிந்தால் அங்கிருந்தே காற்று கசியும். பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதும் நடக்கும்தான், ஆனால் அது இதில் சின்ன நஷ்டம்.

காலையில் தனியாக, மாலையில் அம்மாவோடு என்றால் தினம் இரண்டு தடவை காற்றை மாற்ற யாராலும் முடியாது. பெரும்பாலான நாட்கள் அம்மா ஏறுகிறார் என்பதால் பின்னால் 36 என்றே வைத்துவிடுங்கள். தனியாகப் போகும்போது பின்பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். 29 வைத்துக்கொண்டு தினமும் இரண்டு பேர் போவது அப்படிப் பொறுக்கக்கூடியதல்ல. பள்ளி விடுமுறையில் தனியாக மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் 29-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். முன் டயரின் அளவை எப்போதும் மாற்ற வேண்டாம், 22.

சில நூறு ரூபாய்க்குக் காற்றழுத்தமானி கிடைக்கும். ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், வண்டியைக் கிளப்பும் முன், வெயில் படாத இடத்தில் நிற்கும்போது பாருங்கள். மானியை வால்வில் கோணலாக வைத்தால் "புஸ்" என்று காற்று போகும். ஸ்கூட்டர் டயர் சின்னது, அந்தக் கொஞ்சம் போனாலே அளவு இறங்கிவிடும். நேராக வைத்து ஒரே அழுத்து. பங்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டியது, தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு அருகிலுள்ள பங்க் நல்லது. 10 டிகிரி சூடு கூடினால் ஒன்றரை பாயிண்ட் அளவுக்கு ஏறும். அதனால் 36 வைத்த பின் டயர் ஓட்டிவந்ததும் 38, 39 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்து விட்டுவிடாதீர்கள்; ஆறியதும் குறைவாகிவிடும்.

கொடைக்கானல் போகும்போது என்ன செய்வது என்று பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேலே குளிர், ஆகவே டயரின் அழுத்தம் இறங்கும். மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, ஆகவே மானியில் அளவு ஏறும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கீழே வைத்த காற்றோடு அப்படியே போய் வரலாம். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: 18 பாயிண்டில் எத்தனை நாள் ஓட்டினீர்கள்? ஒரு வாரத்துக்கு மேல் என்றால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் டயரைக் கையால் மெதுவாகச் சுற்றி இரண்டு பக்கச்சுவரையும் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் அந்த டயரை மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் டயர் கடையில் ஒருமுறை கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று சரியாக வைத்து இரண்டு நாள் ஓட்டிய பிறகும் ஹேண்டில் கனத்தால் கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்கு முன் கோன்செட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். முன் டயரில் காற்று இல்லாமல் ஹேண்டில் கனப்பதாகச் சொல்லி வந்து, கோன்செட்டை மாற்றச் சொன்ன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.