முடிய நேராக்கி போட்டோ மாத்தணுமா?

வேணாங்க, மாத்த வேணாம். அட்லாண்டால உங்க ரூம்மேட் கறுப்பினப் பொண்ணு, டேட்டிங் ஆப்ல மேட்சே வரலன்னு சுருட்ட முடிய நேராக்கி போட்டோ போடலாமான்னு யோசிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்த முடியில ஒரு குறையும் இல்ல.

2009லயே ஓகேகியூபிட்ங்கற டேட்டிங் சைட் தன் டேட்டாவ வெளியிட்டுச்சு, கறுப்பினப் பெண்கள்தான் அதிகமா ரிப்ளை பண்றாங்க, ஆனா அவங்க அனுப்புற மெசேஜுக்குத்தான் ரொம்ப கம்மியா பதில் வருது, படிச்சப்ப மனசே கனத்துப்போச்சு. மத்தவங்க ஸ்வைப்ப வச்சு யார காட்டணும்னு கத்துக்குற ஆப்ல இந்த ஓரவஞ்சனை இன்னும் கூடலாம்.

அதே போட்டோவ பிஎல்கேல, அதாவது கறுப்பினத்தவருக்குன்னே இருக்குற ஆப்ல, ரெண்டு வாரம் போட்டுப் பாக்க சொல்லுங்க. அங்க மேட்ச் வந்தா போட்டோ பிரச்சனை இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஆனா சின்ன ஊர்னா அதுல ஆள் கம்மியா இருக்கும், அட்லாண்டால பரவால்ல. அப்புறம் எந்த ஆப்னாலும் முதல் மெசேஜ்லயே நிறத்தயும் உடம்பயும் பத்தி மட்டும் பேசுறவன உடனே பிளாக் பண்ண சொல்லுங்க, பதில்கூட வேணாம்.