மெஷின் வருமுன் வீட்டை அளந்து வையுங்கள்

வீட்டு மின்சாதனங்களைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் நீண்ட காலம் இருக்கும் மெக்கானிக், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கே: அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் வருகிறது. "எல்லாத்தையும் எங்க ஆளே வந்து பார்த்துப்பார்" என்கிறார் கடைக்காரர். நான் முன்கூட்டியே ஏதாவது செய்து வைக்க வேண்டுமா?

ப: கட்டாயம் வேண்டும் அம்மா. பொருத்த வருகிறவரின் பையில் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும்தான் இருக்கும். சுவரில் ஒயர் இழுப்பது, குழாய் மாற்றுவது, வடிகால் போடுவதெல்லாம் அவர் வேலையில் சேராது. அவை தயாராக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மெஷினை ஓட்டிக் காட்டிவிடுவார். ஒன்று குறைந்தாலும் "ரெடி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் அளவு டேப்பைக் கையில் எடுங்கள். மெஷின் உட்காரும் இடத்தை எல்லோரும் அளக்கிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய வழியை அளக்க மறந்துவிடுகிறார்கள். வழக்கமான ஃப்ரன்ட் லோட் மெஷின் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம் இருக்கும். எடை ஏறக்குறைய 60 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். அட்டைப் பெட்டியோடு சேர்த்தால் ஒவ்வொரு பக்கமும் இன்னும் சில செ.மீ. கூடும். வாசல் நிலையின் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. கதவை முழுக்கத் திறந்து, கதவுப் பலகையிலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். மாடிப்படி திரும்பும் மூலையும் குளியலறைக் கதவும்தான் பெரும்பாலும் தகராறு செய்யும். இரண்டு விரல் அளவு இடிக்கிறது என்றால் கீலைக் கழற்றிக் கதவை எடுத்துவிட்டாலே வழி கிடைத்துவிடும். அதை முதல் நாளே செய்து வையுங்கள். அத்தனை எடையைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்கிறவர்களைக் காக்க வைத்துக் கதவைக் கழற்றக் கூடாது.

மெஷினுக்குப் பின்னால் குழாய்கள் மடங்காமல் இருக்க 5 முதல் 10 செ.மீ. விடுங்கள். முன்னால் வட்டக் கதவு முழுக்கத் திறக்க வேண்டும், ஒருவர் குனிந்து துணியை எடுக்கவும் வேண்டும். தரை சிமென்ட்டோ டைல்ஸோ எதுவானாலும் கெட்டியாக, ஆடாமல் இருந்தால் போதும். பலகை மேடை, இரும்பு ஸ்டாண்டு வேண்டாம் என்பேன். நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிற டிரம்மைத் தாங்குவதற்குத் தரைதான் சரி.

இனித் தண்ணீர். மெஷினோடு வரும் குழாயின் நட்டு பொதுவாக முக்கால் இஞ்ச் மரை. உங்கள் குழாயின் வாயிலும் வெளிமரை முக்கால் இஞ்ச் இருக்க வேண்டும். வாஷிங் மெஷின் டேப் என்று கேட்டாலே கொடுப்பார்கள். மெஷினுக்கென்று தனிக் குழாயாக வைத்துவிடுங்கள். பாத்திரம் பிடிக்கிற குழாயில் பிளாஸ்டிக் அடாப்டரைச் செருகி ஒப்பேற்றினால், ஒரு நாள் அழுத்தம் கூடும்போது கழன்றுகொள்ளும். நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கசியாமல் பிடிப்பது அந்த வாஷர்தான். கையால் இறுக்கி, பிறகு லேசாக ஒரு கால் திருப்பு போதும். மேலே டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை.

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் என்றால் உயரத்தைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார். மெஷினுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் அச்சிட்டிருக்கும். வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே அதைக் கேளுங்கள். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீடுகளில்தான் இது அதிகம் இடிக்கும். குழாயை முழுக்கத் திறந்து ஒரு 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் கவலையில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஆனால், குழாய்க்குள் இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். அப்படியும் நிறையத் தாமதமானால் பிளம்பரிடம் பூஸ்டர் பம்ப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

கே: புது மெஷினில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நிறையவே மாட்டேன் என்கிறது. மெஷினை மாற்றித் தரச் சொல்லலாமா?

ப: மாற்றச் சொல்வதற்கு முன் வடிகால் குழாயின் நுனி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தரையில் கிடந்தால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுபட்டு வெளியே போய்விடும். மெஷின் நிறையவில்லையே என்று மேலும் மேலும் இழுக்கும். நுனி தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். சுவர்க் குழாய்க்குள் விடுவதானால் ஒரு சாண் அளவு போதும். ஆழமாகச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தாலும் இதே தொல்லை வரும். காற்று புக இடைவெளி இருக்கட்டும். தண்ணீர் உள்ளே வரும்போதே வடிகாலில் வழிகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கே: ஸ்பின் ஓடும்போது மெஷின் குதித்துக் குதித்து ஒரு அடி நகர்ந்துவிடுகிறது. நாங்களே மாட்டிக்கொண்டோம். என்ன தப்பு?

ப: உடனே நிறுத்துங்கள். மெஷினின் முதுகுப் பக்கம் பாருங்கள். பெரிய தலை வைத்த போல்ட்டுகள், பெரும்பாலும் நான்கு, இன்னும் அங்கேயே இருக்கின்றனவா? வண்டியில் வரும்போது டிரம் ஆடி உடையாமல் இருக்க ஆலையில் போடுகிற போல்ட்டுகள் அவை. டிரம் ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் தொங்கிக்கொண்டு ஆட வேண்டிய பொருள். போல்ட் பூட்டியிருக்கும்போது அந்த ஆட்டம் முழுதும் உடம்புக்குப் போகிறது. அதனால்தான் குதிக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் வரைக்கும் அடிபடும்.

பிளக்கை உருவிவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்துங்கள். போல்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் குழலும் ரப்பரும் சேர்ந்து வெளியே வர வேண்டும். போல்ட் மட்டும் வந்து ரப்பர் உள்ளே தங்கிவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஓட்டைகளை மூட பிளாஸ்டிக் மூடிகள் பையில் வந்திருக்கும். போல்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வீடு மாறும்போது மறுபடி பூட்ட வேண்டும். ஒரு கவரில் போட்டுக் கையேட்டோடு கட்டி வையுங்கள்.

போல்ட் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் குற்றம் கால்களில்தான். மெஷினின் தலையில் ரசமட்டம் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் பாருங்கள். கால்களைத் திருகி ஏற்றி இறக்கிச் சமன் செய்த பின், எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்துங்கள். சிறிதும் ஆடக் கூடாது. ஒவ்வொரு காலிலும் ஒரு பூட்டு நட்டு இருக்கிறது. அதை மேல்நோக்கித் திருகி மெஷினின் உடம்போடு ஒட்டி இறுக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில மாதத்தில் காலே சுழன்று மட்டம் போய்விடும்.

கே: மெஷின் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன பிளக் பாயின்ட்தான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டலாமா?

ப: கூடாது. 2000 வாட் ஹீட்டர் உள்ள மெஷின், 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. குளிர்ந்த நீரில் துவைக்கும்போது ஒன்றும் தெரியாது. வெந்நீர் புரோகிராம் போட்ட அன்று பிளக் சூடேறும், பிளாஸ்டிக் கருகிய வாடை வரும். 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும், மெயின் பெட்டியில் அதற்கென்று ஒரு எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்துவிடும் சுவிட்ச்) வேண்டும். சொருகும் இடம் மெஷினுக்கு நேர் பின்னால் இல்லாமல், கை எட்டும் பக்கவாட்டில் இருக்கட்டும். அவசரத்துக்கு உருவ வேண்டும் அல்லவா?

கே: புது ஃப்ரிட்ஜைத் தொட்டால் விரல் நுனியில் ஜிவ்வென்று இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றுமில்லை. பழைய ஃப்ரிட்ஜில் இப்படி இருந்ததில்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். தயவுசெய்து செருப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

புதிய மின்னணுச் சாதனங்கள் பலவற்றில், மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதிலுள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம் இரும்பு உடம்புக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் உடம்பிலேயே நிற்கும். நீங்கள் தொட்டால் உங்கள் வழியாக இறங்கும். பழைய ஃப்ரிட்ஜில் அந்த ஃபில்டர் இல்லாதிருக்கலாம், அதனால் அன்று தெரியவில்லை. குறை உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃப்ரிட்ஜுக்குள் ஒயர் எங்காவது உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடும். ஆகவே இப்போதே பிளக்கை உருவிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவர் டெஸ்டரோடு மட்டும் வந்தால் போதாது, மல்ட்டிமீட்டர் வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய முழு வோல்ட்டேஜ் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தேட வேண்டும். மூன்று ஓட்டை இருப்பதாலேயே பிளக்கில் எர்த் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத பாயின்ட்டுகளை நான் எத்தனையோ வீடுகளில் கழற்றிப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போனால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும். அது உயிர் போகிற காரியம்.

அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் மெயின் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தால் வேலை செய்கிறதா என்று தெரியும்.

கே: ஃப்ரிட்ஜை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உடனே போடக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

ப: உண்மைதான் ஐயா. கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்து, அது திரும்பி இறங்க அவகாசம் கொடுங்கள். எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிற்கட்டும். நாள் முழுக்கப் படுத்தே வந்திருந்தால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். கையேட்டில் வேறு கணக்கு சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

கே: குளியலறைத் தடுப்புச் சுவரில் 25 லிட்டர் வாட்டர் ஹீட்டர் மாட்டலாமா?

ப: தண்ணீரே 25 கிலோ. டாங்கின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 35 கிலோ வரும். ஜிப்சம் போர்டு, மெல்லிய தடுப்பு என்றால் வேண்டவே வேண்டாம். சுவரைத் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியான ஓசை வந்தால் வேறு சுவர் தேடுங்கள். மாட்டிய பிறகு வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் கொட்டும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள். காலி டாங்கில் ஹீட்டர் ஓடினால் எலிமென்ட் கருகிவிடும். சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சில சொட்டு வடியும். சூடான நீர் விரிவதால் வருவது அது. அதன் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

கே: ஏ.சி. பொருத்துவதையும் பெயின்ட் அடிப்பதையும் ஒரே மாதத்தில் வைத்திருக்கிறோம். எது முதலில்?

ப: குழாய் பதிக்கச் சுவரை வெட்டுவது முதலில், பெயின்ட் பிறகு, யூனிட்டை மாட்டுவது கடைசியில். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் வடியும். பொருத்துகிறவர் வேக்யூம் பம்ப் கொண்டுவருவாரா என்று போனிலேயே கேளுங்கள். செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கே: டெலிவரி ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

ப: பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, நசுங்கியிருந்தால் அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுங்கள், ரசீதிலும் அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பில்லில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டால் பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்க முடியாது, அதனால் சீரியல் எண்ணை அதற்கு முன்பே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு முழு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.