லவ் பேர்ட்ஸ் கூட்டுல எலி, மூணு மாசமா முட்டையும் இல்ல

அண்ணாச்சி, ஒரு இஞ்ச் வலையில கூடு அடிச்சா குட்டி எலி சுளுவா நுழைஞ்சிரும், ராத்திரி அது ஓடுனா பறவை மிரண்டு பானைப் பக்கமே போவாது, பிறவு எங்க முட்டை போட. கூட்ட பிரிக்கண்டாம், மேலேயே கால் இஞ்ச் வலை ஒரு சுத்து கட்டுங்க. புது ஜிஐ வலைன்னா, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு வலைன்னா, வினிகர் தொட்டு தேய்ச்சு கழுவி காயவச்சிட்டு கட்டுங்க, இந்தப் பறவைக எப்பவும் கம்பிய கடிக்கும், துத்தநாகம் உள்ள போனா விஷம். தக்கலையில மொட்டமாடின்னு சொல்லுதீங்க, நமக்கு ஆனி ஆடி சாரலும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, அதனால மூணு பக்கமும் அடைச்சு முன்னால மட்டும் வலை விடுங்க. முட்டை போட்டா பொரிய 18 நாள் ஆவும், சும்மா சும்மா எட்டிப் பாக்காதீங்க. ஆமா, ரெண்டுக்கும் மூக்கு மேல என்ன கலரு? ரெண்டும் நீலம்னா ரெண்டுமே சேவலா இருக்கும்...