அடிமணல் தெரிந்தால் நல்ல தண்ணீரா? வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில்தான் அந்தக் காலத்தில் குளித்தோம், துவைத்தோம், குடிக்கவும் எடுத்தோம். இப்போதும் அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிவாகத்தான் ஓடுகிறது. ஆனால் ‘கெலாஸ் 3’ என்கிறார்கள். தெளிந்த தண்ணீர் எப்படி மூன்றாம் வகுப்பாகும்? – ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி

ஐயா, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது கலங்கலை மட்டும்தான். நம் மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றுக்கு மதிப்பெண் போடும்போது 6 அளவுகளைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், பி.ஓ.டி. (கீழே விளக்குகிறேன்), சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு), அமோனியா நைட்ரஜன், மிதக்கும் தூசு மண், அப்புறம் பி.எச். என்ற புளிப்பு–காரத் தன்மை. இதில் கலங்கலோடு சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்று, மற்ற ஐந்தும் தெளிந்த தண்ணீரிலும் கெட்டுப்போயிருக்கலாம். நூற்றுக்கு 81-உம் அதற்கு மேலும் வந்தால் சுத்தம், 60 முதல் 80 வரை லேசான மாசு, 59-உம் அதற்குக் கீழும் மாசுபட்டது என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பு என்பது அந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்வது. இரண்டாம் வகுப்பின் ஒரு பிரிவான 2பி வரைக்கும் இறங்கிக் குளிக்கலாம். மூன்று என்றால் குடிநீராக்கப் பெரிய அளவில் சுத்திகரிக்க வேண்டும், ஆடு மாடு குடிக்கலாம், தாக்குப்பிடிக்கிற மீன்கள் வாழும். நான்கு என்றால் பாசனத்துக்கு மட்டும்.

இந்த 6 அளவுகளில் பி.ஓ.டி.யைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தோட்டப்புறத்தில் அதுதான் முக்கியம். சர்க்கரை, எண்ணெய், சாணம், அழுகிய இலை எது தண்ணீரில் விழுந்தாலும் அதைத் தின்ன கோடிக்கணக்கான பாக்டீரியா கிளம்பிவிடும், தின்னும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், மீனுக்கு மிஞ்சாது. எவ்வளவு இழுக்கும் என்று அளப்பதுதான் பி.ஓ.டி. சுத்தமான மலையோடையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இருக்காது. மூன்றாம் வகுப்பு ஆற்றில் 3 முதல் 6 வரை. செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து சூடாக வெளியே வரும் பழுப்புக் கழிவுநீரில் அது சுமார் 25,000! அதனால்தான் ஆலைகள் குளம் குளமாக வெட்டி, பல வாரம் நிறுத்திவைத்து, அந்த அளவை இறக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. 1977-இல் வந்த விதிமுறைகளின் கீழ் ஆற்றில் விடுவதற்கான வரம்பு 100, சில இடங்களில் உரிமத்திலேயே 20 என்று இறுக்கியிருக்கிறார்கள். வழக்கமாக இந்தச் சோதனையை 20 டிகிரியில் 5 நாள் வைத்துச் செய்வார்கள், நம் செம்பனை விதியிலோ 30 டிகிரியில் 3 நாள்.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் தங்காது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் நம் ஊர் 30 டிகிரியில் ஏழரைதான். ஆற்றோரத்து மரங்களை வெட்டி வெயில் நேராக விழும்படி செய்துவிட்டால், யாரும் ஒரு சொட்டுக் கழிவு விடாமலேயே அந்த ஆறு மூச்சுத்திணறலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆற்றோரம் செம்பனை நடாமல் விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலைக்குக் கீழே உள்ள வாய்க்காலில் விரால், கெளுத்தி எல்லாம் நிறையப் பிடிக்கிறோம். மீன் இருக்கிறது என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? – தூண்டில் போடும் இளைஞர்கள்

எந்த மீன் என்று பார்க்க வேண்டும் தம்பிகளா. நீங்கள் சொன்ன இரண்டும் தலையை மேலே நீட்டி வெளிக்காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன்கள். மலாயில் ஹாருவான், கெலி என்கிற இவை ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும், புயு என்ற மீனும் அப்படித்தான். அவை மட்டும் இருந்து, செதில் மீன்கள் வேறு எதுவுமே தூண்டிலில் மாட்டவில்லை என்றால், அதைக் கெட்ட செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மீனைவிட நல்ல சாட்சி கல்லுக்கு அடியில் இருக்கிறது. முழங்கால் ஆழத்தில், தண்ணீர் சலசலவென்று ஓடுகிற இடமாகப் பார்த்து உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கித் திருப்புங்கள். தட்டையான உடம்போடு, பெரும்பாலும் மூன்று வால் நூல் வைத்துக்கொண்டு, வயிற்றின் இரு பக்கமும் சின்னச் செவுள்கள் படபடவென்று ஆடுகிறதா? அது மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. இரண்டு வால் மட்டும் இருந்து, வயிற்றோரம் அந்தச் செவுள்கள் இல்லை என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் இலைத்துண்டையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் புழு இருந்தால் கேடிஸ்ஃப்ளை. இந்த மூன்று வகையும் பெரும்பாலும் நிறைய ஆக்சிஜன் இல்லாவிட்டால் போய்விடும். அதற்குப் பதிலாக ரத்தச் சிவப்பாக நெளியும் புழுக்கள் மட்டும் சேற்றில் குவிந்திருந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகைதான், கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துவைக்க அது உதவுகிறது. அலங்கார மீன் கடையில் தீனியாக விற்பதும் இந்த மாதிரிப் புழுதான்.

இதை வைத்து மதிப்பெண் போடும் முறைகளும் உண்டு. பிரிட்டனில் 1970-களில் உருவான ஒரு முறையில் சில மேஃப்ளை குடும்பங்களுக்கு 10, சிவப்புப் புழு வகைக்கு 2, மண்புழு இனத்துக்கு 1. தாய்லாந்தில் அதைத் தங்கள் பூச்சிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு இந்தப் பூச்சிகள் மேல் தனி மரியாதை உண்டு. அதிகாரி வந்து புட்டியில் அள்ளும் தண்ணீர் அந்த நிமிடத்துக் கதையை மட்டும் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ திறந்துவிட்டுக் காலை எட்டு மணிக்குள் ஓடிப்போன கழிவு அதில் தெரியாது. கல்லுக்கு அடியில் வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சி எங்கேயும் ஓடிவிட முடியாது, ராத்திரி வந்த கழிவையும் அது அனுபவித்திருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சேறும் சகதியுமாக மெதுவாக ஓடும் ஓடையில் இந்தப் பூச்சிகள் இயற்கையாகவே குறைவு, அதை வைத்து யார் மீதும் பழி போடாதீர்கள். ஆலைக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், இரண்டும் ஒரே மாதிரி ஓட்டமும் கல்லும் உள்ள இடமாகப் பார்த்து ஒப்பிட்டால்தான் அது நியாயம்.

வீட்டு முன்னால் உள்ள கால்வாயில் எண்ணெய் மாதிரி வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. ஆலை எண்ணெயா? – ஒரு குடும்பத் தலைவி

ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள் அம்மா. உடைந்த ஓடு போலத் துண்டு துண்டாகி அப்படியே நின்றால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா உண்டாக்கிய படலம். பக்கத்தில் துருநிறச் சளி மாதிரியும் படிந்திருக்கும். அதனால் கெடுதல் இல்லை. குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றுசேர்ந்து கொண்டால் எண்ணெய், டீசல் வகை, அதைப் புகார் செய்யுங்கள். இதே போல, சதுப்புக் காட்டிலிருந்து வரும் தேயிலை நிறத் தண்ணீரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், மட்கிய இலைச் சாறுதான், புளிப்புத் தன்மை மட்டும் கூடுதலாக இருக்கும்.

வீடு வீடாக வந்து தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர், பேனா மாதிரி ஒரு மீட்டரை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டு 280 என்று காட்டினார். அப்புறம் கரண்டு கம்பி விட்டதும் தண்ணீர் சேறாகிவிட்டது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வாங்கிவிடலாமா? – இரண்டு பேர் எழுதியது

தயவுசெய்து அந்த வித்தையைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பேனா தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். நம் வட்டாரம் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்தது, கிணற்றில் சுண்ணாம்பு கரைந்திருந்தால் எண் ஏறும், கேத்தலில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம். கிருமி இருக்கிறதா, களைக்கொல்லி இருக்கிறதா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. மலம் கலந்த தண்ணீரில்கூட 50 காட்டலாம்.

கரண்டு விட்டதும் வந்த சேறு தண்ணீரில் இருந்ததே அல்ல. கம்பியில் உள்ள இரும்பு கரைந்து துருவாகிறது. உப்பு கரைந்த தண்ணீரில் கரண்டு ஓடும், உப்பு நீக்கிய தண்ணீரில் ஓடாது, அதனால்தான் அவருடையது தெளிவாக நின்றது. அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் பல நூறு வெள்ளி வாங்கிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அமோனியா கூடிவிட்டது என்று குடிநீர் ஆலையை மூடுகிறார்களே, அமோனியா அவ்வளவு பெரிய விஷமா? – இடைநிலைப்பள்ளி மாணவி

பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் கேட்டுப்பார் அம்மா, பால் உறையாமல் இருக்க ஊற்றுவார்களே, அதே அமோனியாதான். ஆற்றுக்கு அது உரம், சாக்கடை, குப்பைமேட்டுக் கசிவு, ரப்பர் தொழிற்சாலை இவற்றிலிருந்து வரும். ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஆலை மூடப்பட்டது குப்பைமேட்டுக் கசிவால்தான். ஆலைக்குள் வரும் ஆற்றுநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுகாதார அமைச்சு வைத்திருக்கிறது. காரணம், கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை அமோனியா பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டிலிருந்து பத்துப் பங்கு குளோரின் போய்விடும், மிச்சம் இருந்தால்தான் கிருமிக்கு.

மீனுக்கு விஷமாவது வேறு கணக்கு. பி.எச். 7 இருக்கும்போது விஷ வடிவில் இருப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. 9-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி மண்டிய குளத்தில் மத்தியான வெயிலில் பி.எச். ஏறுவதால், காலையில் பிழைத்த மீன் மாலையில் செத்து மிதக்கலாம்.

கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால் கலக்கிறோம். போதுமா? – இளம் தாய்

கிருமிக்குப் போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. குடிநீரில் ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரும்பாலான ஈ.கோலை நம்மை எதுவும் செய்யாது, ஆனால் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது, கூடவே காலராவோ டைபாய்டோ வர வழி இருக்கிறது என்று பொருள். கழிவுத்தொட்டி கிணற்றுக்கு மேட்டில் இருந்தால் கட்டாயம் சோதியுங்கள்.

ஆனால் உரம் போட்ட செம்பனைக்கு நடுவில் இருக்கும் கிணறு என்றால் நைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் கெட்டியாகும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாதக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். சோதனை முடிவு வரும்வரை குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரையே கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

பெரிய பிள்ளைகள் மழைக்குப் பிறகு ஆற்றில் குதிப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எலிச் சிறுநீர் நோய்க் கிருமி காலில் உள்ள சின்ன சிராய்ப்பு வழியாக உள்ளே போகும், ஆற்று மதிப்பெண்ணில் அது வராது, களைக்கொல்லியும் உலோகமும்கூட அந்த 6 அளவுகளில் இல்லை. புண்ணோடு இறங்க வேண்டாம். இறங்கிய பின் காய்ச்சல் வந்தால் ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்தன, ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தபோது ஒன்றும் இல்லை. எங்களை யார் நம்புவார்கள்? – தோட்டக் குடியிருப்பு வாசகர்

நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கும். ராத்திரியில் பாசியும் செடியும் ஆக்சிஜன் தராது, எல்லாமே எடுத்துக்கொள்ளும், அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். வெயில் ஏறியதும் தேறிவிடும், ஒன்பது மணிக்கு அளந்தால் குறை தெரியாது.

அடுத்த முறை நேரம் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள், மேல்பக்கம் கீழ்ப்பக்கம் இரண்டையும். நிறம், வாடை, முந்தைய நாள் மழை பெய்ததா என்பதை எழுதிவையுங்கள். உடனே சுற்றுச்சூழல் துறைக்குப் போன் போட்டு, ‘விடியற்காலை அளவு வேண்டும்’ என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். நீங்களே தண்ணீர் எடுத்து வைப்பதானால் சுத்தமான புட்டியில் காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இருட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். காரில் இரண்டு நாள் கிடந்த புட்டியில் பாக்டீரியா எல்லாவற்றையும் தின்று முடித்திருக்கும், அதை எந்த ஆய்வகமும் ஏற்காது.