மகள் படிப்புக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பாம்பன். கணவர் சொந்த நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், நான் கடல்பாசி எடுக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள், பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் எல்லாம் சேர்ந்த நாலு வருஷ சமூக அறிவியல் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வருஷம் 3 லட்சம் கேட்கிறார்கள். முதல் வருஷப் பணத்தை மீன் வியாபாரி தருகிறேன் என்கிறார், வட்டி இல்லையாம். "அதைப் படித்து என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள் அம்மா. வட்டி இல்லை என்பது பேச்சுக்குத்தான். வாங்கிய நாளிலிருந்து உங்கள் மீன் அவருக்கு மட்டும்தான், விலையும் அவர் சொன்னதுதான். கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து, தினம் 10 கிலோ, வருஷத்துக்கு 200 நாள் என்று வையுங்கள். 80,000 ரூபாய் போய்விடும். 3 லட்சம் அசல் அப்படியே நிற்கும்.

படிப்பு நல்ல படிப்பு. நீங்கள் பாசி எடுக்கும் தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்கா என்றால் அங்கே பாசி எடுக்கக் கட்டுப்பாடு வரும். பவளப்பாறை பிழைக்க வேண்டும், உங்கள் அடுப்பும் எரிய வேண்டும். இதைச் சட்டம் மட்டும் படித்தவரோ பொருளாதாரம் மட்டும் படித்தவரோ தனியாகத் தீர்க்க முடியாது. உங்கள் மகள் கேட்பது இந்த மாதிரி விஷயத்தை எல்லாப் பக்கமும் பார்க்கச் சொல்லித் தரும் படிப்பு. ஆனால் பட்டம் வாங்கியதும் பெரிய சம்பளம் வராது, பலர் மேலே எம்.ஏ.வும் படிக்க வேண்டியிருக்கும். அதனால் கடன் சிறிதாக இருக்கட்டும். 10% வட்டியில் 10 வருஷத்தில் அடைத்தால், 12 லட்சத்துக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 15,900 ரூபாய். 4 லட்சத்துக்கு 5,300 ரூபாய்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான க்யூட் (CUET) நுழைவுத் தேர்வை மகளை எழுதச் சொல்லுங்கள். அங்கே கட்டணம் மிகக் குறைவு. தனியார்தான் என்றால், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் மாதிரி குடும்ப வருமானம் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் இடங்களுக்கும் விண்ணப்பம் போடட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள், தமிழ்நாட்டிலேயே சேர்கிறாள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

அப்புறமும் குறைந்தால் வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் வரை நகையோ பத்திரமோ அடமானம் வைக்க வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை. முழு வட்டி மானியம் தொழிற்படிப்புகளுக்குத்தான், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள், இந்த மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.